போட் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது? ஒரு பாட்டில் கணக்கு

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



நம் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் பைபர் போட் இருக்கிறது. இல்லாவிட்டால் அப்பாவோ அண்ணனோ யார் போட்டிலாவது பங்குக்குப் போகிறார்கள். மீன் ஏலம் முடிந்ததும் முதலில் எடுத்து வைப்பது எண்ணெய்க் காசுதான். மீதியைத்தான் பங்கு பிரிப்பார்கள். மீன் குறைந்த நாளில் விற்ற காசு எண்ணெய்க்கே சரியாகப் போய்விடும். அன்னிக்குப் போன எல்லாரும் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்கள். ஆனால் “ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எண்ணெய் ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒரு நாளைக்கு ஒரு கேன் ஆகும்” என்றுதான் பதில் வரும். எங்க அப்பாவும் அப்படித்தான் சொன்னாங்க. கேனில் பத்து லிட்டரும் உண்டு, இருபது லிட்டரும் உண்டு!

முதலில் உத்தேசக் கணக்கு. சிறிய டீசல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு சுமார் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் எரிக்கும். அப்படியென்றால் 10 குதிரைத் திறன் எஞ்சினுக்கு மணிக்கு இரண்டேகால் லிட்டர் வரை ஆகும். பெட்ரோலில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்றால் அதே திறனுக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும்.

உத்தேசத்தை விட அளந்து பார்ப்பது நல்லது. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றி 250 மில்லியில் ஒரு கோடு, 750 மில்லியில் ஒரு கோடு போட வேண்டும். பாட்டிலை நன்றாகக் காயவைத்து டீசல் நிரப்பி, டேங்க் இருக்கும் உயரத்தில் கட்டி, எஞ்சினுக்குப் போகும் குழாயை அதில் விட வேண்டும். எஞ்சினில் எரியாத மிச்ச எண்ணெய் டேங்குக்குத் திரும்பி வரும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. அதையும் பாட்டிலிலேயே விட வேண்டும். இதை மறந்தால் கணக்கு தப்பாகிவிடும். எண்ணெய் மேல் கோட்டைத் தொடும்போது கடிகாரம் பார்க்க வேண்டும், கீழ்க் கோட்டைத் தொடும்போது மறுபடி பார்க்க வேண்டும். அடி வரைக்கும் விடக் கூடாது. குழாயில் காற்று புகுந்தால் நடுக்கடலில் எஞ்சின் நின்று போகும். பெட்ரோல் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது, தீப்பிடித்துவிடும்.

எங்க ஊரில் பொம்பளைப் பிள்ளைகள் தொழிலுக்குப் போட்டில் போவதில்லை. (ஏன் என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.) அதனால் அளந்தது அண்ணன், கணக்குப் போட்டது நான். காற்றில்லாத காலையில் கடலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அளந்து சராசரி எடுத்தோம். இல்லையென்றால் நீரோட்டம், அதாவது தாத்தா சொல்லும் நீவாடு, ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கணக்கைக் கெடுக்கும். வேகத்தை ஜிபிஎஸ் கருவியில் பார்த்தாங்க. அது நாட் கணக்கில் காட்டும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

எங்கள் போட்டில் 10 குதிரைத் திறன் டீசல் எஞ்சின். முழு ரேஸில் அரை லிட்டர் தீர 12 நிமிடம் 30 விநாடி ஆனது. அப்படியானால் மணிக்கு 2.4 லிட்டர். வேகம் 7 நாட். ரேஸைக் கொஞ்சம் குறைத்தபோது அதே அரை லிட்டருக்கு 20 நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 1.5 லிட்டர். வேகம் 6.2 நாட். வேகம் ஒன்பதில் ஒரு பங்குதான் குறைந்தது, எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! நான் மூன்று தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். தண்ணீரில் விசிறி சுற்ற வேண்டிய திறன், சுற்றின் வேகத்தை மூன்று முறை பெருக்கிய அளவில் கூடுகிறதாம். சுற்றைப் பத்தில் ஒன்பதாகக் குறைத்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.729. பத்தில் எட்டாகக் குறைத்தால் 0.512, அதாவது பாதித் திறனே போதும். இன்னொன்றும் சொன்னாங்க. போட் போகும்போது தானே ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையும் நீளும். அது போட் நீளத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் தன் அலை மேலேயே ஏறுவது மாதிரிதான். அந்த வேகத்தைக் கண்டுபிடிக்க, தண்ணீரைத் தொடும் நீளத்துக்கு (மீட்டரில்) வர்க்கமூலம் எடுத்து 2.43-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் போட்டுக்கு 7.5 மீட்டர். விடை சுமார் 6.7 நாட். அதற்கு மேல் போக ஊற்றும் எண்ணெயில் பெரும்பகுதி அலை எழுப்பவே போகிறது. பெரிய அவுட்போர்டு வைத்துத் தண்ணீருக்கு மேல் எழும்பிப் பறக்கும் போட்டுக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தாது. சென்னையில் இருந்த வங்காள விரிகுடாத் திட்ட அலுவலகம் சிறிய மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நம் கரைக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை போல!

இதைச் சொன்னதும் அண்ணன், “லேட்டா வந்தா ஏலத்துல வெல கெடைக்குமா?” என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். 8 கடல் மைலுக்குக் கணக்குப் போட்டோம். முழு ரேஸில் 69 நிமிடம், 2.74 லிட்டர். குறைத்தால் 77 நிமிடம், 1.94 லிட்டர். போக வர 1.6 லிட்டர் மிச்சம். மாதம் 20 நாள் போனால் 32 லிட்டர். இதற்காக ஒரு வழிக்குச் சுமார் 9 நிமிடம்தான் தாமதம். என் கருத்து இதுதான்: போகும்போது அவசரமே இல்லை, குறைத்தே போகலாம். திரும்பும்போது மீன் நிறைய இருந்து, மற்ற போட்டெல்லாம் முன்னால் போனால் அன்றைக்கு முழு ரேஸ் வைக்கலாம். மீனே இல்லாமல் வேகமாக வருவதுதான் இரண்டு நஷ்டம். அப்பா சிரிச்சாங்க, ஆனால் மறுநாளே ஆக்சிலேட்டர் கம்பியில் அந்த இடத்தில் சிவப்பு பெயிண்ட் வச்சாங்க.

வேறு சில விஷயங்களும் உண்டு. முகத்துவாரத்தில் கட்டிக் கிடக்கும் போட்டின் அடியில் பாசியும் கொட்டலசும் பிடித்து இழுக்கும், சுரண்டிவிட வேண்டும். கரையில் ஏற்றி வைக்கும் போட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. விசிறி இலை வளைந்திருந்தாலும், அதில் நைலான் நூல் சுற்றியிருந்தாலும் எண்ணெய் வீண். புகை கறுப்பாக வந்தால் எஞ்சின் தாங்காத பாரம் இழுக்கிறது, எண்ணெய் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். தேங்கிய தண்ணீரை இறைத்துவிட வேண்டும், ஒரு லிட்டர் ஒரு கிலோ கனம்.

ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று எண்ணெயைக் குறைவாகக் கொண்டு போகக் கூடாது. கணக்கு தெரிந்தால் எவ்வளவு தேவை என்றும் தெரியும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, இன்னொரு பங்கு தொடாமல் கேனில் இருக்க வேண்டும். எதிர்காற்றில் திரும்பும் நாளில் மணிக்கணக்கு கூடும். எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றால் போட் எந்தப் பக்கம் போகும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

உங்கள் வீட்டுப் போட்டிலும் அளந்து பாருங்கள். எஞ்சின் எத்தனை குதிரைத் திறன், அரை லிட்டர் தீர எத்தனை நிமிடம், வேகம் எத்தனை நாட் என்று மூன்றும் எழுதி 9-ம் வகுப்பில் கொடுத்தால் நானும் என் தோழிகளும் மதிய இடைவேளையில் கணக்குப் போட்டுத் தருகிறோம். முழு ரேஸுக்கு ஒன்று, குறைத்த ரேஸுக்கு ஒன்று என்று இரண்டு அளவு வேண்டும்.