நடவுக்கு முன் நீர்க்கணக்கு

களத்தில் நெல்லை அளந்த குடியானவன், விதைக்கு இவ்வளவு, வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்த பின்னரே மிஞ்சியதை விற்க நினைக்கிறான். அந்நெல்லை விளைவிக்கும் ஜலத்திற்கோ இத்தகைய கணக்குப் பெரும்பாலும் பார்க்கப்படுவதில்லை. ஏரியில் நீர் கண்டவுடன் ஆயக்கட்டு முழுவதும் நடவு செய்வதும், தை மாதத்தில் கதிர் பால் பிடிக்குந் தறுவாயில் மடை வறண்டு பயிர் கருகுவதும் பல கிராமங்கள் அறிந்த துன்பமேயாகும். உழவு, எரு, நாற்று, நடவுக் கூலி ஆகிய செலவெல்லாம் ஆன பிறகு நேரும் நஷ்டமாதலால், ஒரு குடும்பத்தைப் பல வருஷங்கள் கடனில் ஆழ்த்த இது ஒன்றே போதும். ஆகையால் நீரின் வரவையும் செலவையும் நடவுக்கு முன்பே கணக்கிடும் முறை ஈண்டு விளக்கப்படுகிறது.

நாட்டின் மொத்தக் கணக்கு

தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரி சுமார் 920 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 36 அங்குலம். இதில் சுமார் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவக்காற்றினாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தென்மேற்குப் பருவக்காற்றினாலும் கிடைக்கின்றது. ஆறுகளிலும் ஏரிகளிலும் கிடைக்கக்கூடிய மேற்பரப்பு ஜலம் வருஷத்திற்கு 853 டி.எம்.சி. என்று சர்க்கார் மதிப்பிட்டிருக்கின்றனர். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இம்மொத்தத்தில் 261 டி.எம்.சி. அண்டை இராஜ்யங்களிலிருந்து வருவதாகக் கணக்கிடப்பட்டது.

இனிச் செலவைக் காண்போம். நெற்பயிருக்கு நாற்றங்கால் முதல் அறுவடை வரையில் சுமார் 1,250 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய நாலடி ஆழ ஜலம் தேவை. இவ்விகிதத்தில் ஒரு டி.எம்.சி. சுமார் 5,700 ஏக்கர் நெல்லுக்குப் போதும். அப்படியானால் 853 டி.எம்.சி.யும் சிந்தாமல் சிதறாமல் வயலைச் சேர்ந்தாலுங்கூட 48 லட்சம் ஏக்கருக்குத்தான் வரும். தமிழ்நாட்டில் நெல் பயிராகும் நிலமோ ஏறக்குறைய 50 லட்சம் ஏக்கர். கரும்பு, வாழை, பட்டணங்களின் குடிநீர், தொழிற்சாலைகள், கால்நடைகள் ஆகியவற்றின் தேவை இதற்கு மேற்பட்டது. வயலின் மீது நேரே பெய்யும் மழையும் கிணற்று ஜலமும் சேர்ந்தே இக்குறையை நிரப்புகின்றன.

கிணற்று ஜலத்தைத் தனி வரவென்று எண்ணுவதும் முழுவதும் பொருந்தாது. ஏரியில் தேங்கிக் கசிந்த நீரே பெரும்பாலும் அதன் கீழுள்ள கிணறுகளில் ஊறுகின்றது. ஒரே பணத்தை இரண்டு பைகளில் மாற்றி வைத்து இரட்டிப்பாக எண்ணுதல் தகாது.

மொத்தம் ஏன் ஏமாற்றும்?

மொத்தக் கணக்கு நேராயிருப்பினும், ஜலம் வேண்டிய காலத்தில் வேண்டிய இடத்தில் இல்லையேல் பயனில்லை. 2015-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கு வருஷங்கட்குள், 2019-ஆம் வருஷக் கோடையில், அந்நகரின் நீர்த்தேக்கங்கள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் குடிநீர் கொண்டு போக வேண்டியதாயிற்று. இடையில் 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் 62 சதவீதம் குறைந்தது. 2017-ஆம் வருஷத்து ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசங்களாக அறிவிக்கப்பட்டன.

1934-ஆம் வருஷம் கட்டி முடிந்த மேட்டூர் அணை 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12-ஆம் தேதி அதனைத் திறப்பது வழக்கம். ஆயினும் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் குறித்த நாளில் திறக்க இயலவில்லை. எவ்வளவு பெரிய தேக்கமாயினும் வந்த ஜலத்தைக் காக்குமேயன்றி, வராத ஜலத்தை அளிக்காது.

இவற்றால் விளங்குவது யாதெனில், சராசரியை நம்பிப் பயிரிடலாகாது. கையிலுள்ள இருப்பைக் கண்டே பயிரிட வேண்டும் என்பதாம். பெரிய அணைகளின் கணக்கை இஞ்சினீயர்கள் வைத்து வருகின்றனர். தமிழ்நாட்டிலுள்ள 39,000-க்கு மேற்பட்ட ஏரி, கண்மாய்களின் கணக்கை அந்தந்தக் கிராமத்தாரே வைத்தல் கூடும்.

ஏரியின் இருப்பை அறிதல்

முதலில் ஒரு பிழையை நீக்க வேண்டும். ஏரி பாதி ஆழம் நிரம்பினால் பாதி ஜலம் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். ஏரி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், பாதி ஆழத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஜலமே இருக்கும். மேட்டூரிலும் இவ்வாறே. முழு அளவு 120 அடி. நீர்மட்டம் 60 அடியாயிருக்கையில் இருப்பு சுமார் 25 டி.எம்.சி. மாத்திரமே. ஆகையால் மடைக்கருகில் அடிக்குறியிட்ட அளவுகல் ஒன்றை நாட்டி, ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு ஜலம் என்ற விவரத்தைப் பொதுப்பணி இலாகாவாரிடமோ ஊராட்சி ஒன்றியத்திலோ பெற்றுப் பொதுவிடத்தில் எழுதி வைத்தல் நலம்.

ஓர் உதாரணம்

ஆயக்கட்டு 200 ஏக்கர் உள்ள ஓர் ஏரி நிரம்பினால் 200 லட்சம் கன அடி கொள்ளும் என வைத்துக்கொள்வோம். நெல்லுக்கு வேண்டிய நாலடியில் ஒன்றரை அடியை மழை தந்தால், மீதி இரண்டரை அடியை ஏரி தர வேண்டும். கால்வாயில் ஓரடி கசிந்து போவதாகக் கொண்டால், மடையில் திறக்க வேண்டுவது ஏக்கருக்கு மூன்றரை அடி. 200 ஏக்கருக்கும் இது 305 லட்சம் கன அடி ஆகின்றது.

வரவில் கழிக்க வேண்டியவையும் உள. நீர்ப்பரப்பு சராசரி 60 ஏக்கராயிருந்து, நாலு மாதத்தில் 16 அங்குலம் வெயிலில் ஆவியாய்ப் போனால் 35 லட்சம் கன அடி குறையும். கால்நடைகளுக்கும் ஊராரின் புழக்கத்திற்கும் 10 லட்சம் ஒதுக்கினால், பாசனத்திற்கு நிற்பது 155 லட்சமே. ஏரி ஒரு முறை நிரம்பிய வருஷத்தில் இது 101 ஏக்கர் நெல்லுக்குத்தான் போதும். பின்னர் மறுபடியும் பாதியளவு ஜலம் வந்தாலுங்கூட 167 ஏக்கருக்கு மேல் ஆகாது. 200 ஏக்கரும் நட்டவர்கள் கடைமடையிலுள்ள நிலங்களைக் கருகவிட நேரும். சில சமயம் எல்லா நிலங்களும் அரைகுறையாய் விளையும்.

அதே 155 லட்சத்தை வேறு விதமாகவும் செலவிடலாம். கேழ்வரகிற்கு மொத்தத் தேவை சுமார் 350 மில்லிமீட்டர், உளுந்திற்கு 280. மழையின் உதவியோடு, கால்வாய்க் கழிவு உட்பட, ஏக்கருக்கு ஓரடி திறந்தால் போதுமெனக் கொள்வோம். பள்ளமான 60 ஏக்கரில் நெல்லும், வடிகால் உள்ள மேட்டுப் பாங்கான 140 ஏக்கரில் இப்பயிர்களும் இட்டால், ஆகும் செலவு 153 லட்சத்திற்குள் அடங்கும். ஆயக்கட்டில் ஓர் ஏக்கரும் தரிசாய்க் கிடக்க வேண்டியதில்லை.

குறையைப் பகிர்தல்

கணக்குப் போடுதல் எளிது. யார் நெல் நடுவது, யார் விடுவது என்பதே சங்கடமான விஷயம். தலைமடைக்காரர் முழுவதும் நட்டுக் கடைமடைக்காரர் மாத்திரம் நஷ்டப்பட்டால் ஊரில் ஒற்றுமை நில்லாது. இலங்கையின் உலர்பிரதேசக் கிராமங்களில் 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. நீர் குறைந்த போகத்தில் குளத்திற்கு அருகிலுள்ள நிலத்தை மட்டும் பயிரிட்டு, அதனை எல்லாப் பங்காளிகளுக்கும் அவரவர் நில விகிதப்படி தற்காலிகமாகப் பிரித்துக் கொடுப்பர். நிலத்தைப் பகிர மனமில்லாத ஊரில், நெல்லை ஒவ்வொருவரும் தம் நிலத்தில் இத்தனை பங்குக்கு மேல் நடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்து, முறைப் பாசனத்தை நீர்கட்டியின் பொறுப்பில் விடலாம். நீர்கட்டிக்கு உரிய கூலியை எல்லோரும் தவறாமல் கொடுத்தால்தான் அவரும் ஒருதலைப்பக்ஷமின்றி மடை திறப்பார்.

வரவைப் பெருக்கல்

செலவை அடக்குவதோடு வரவையும் பெருக்க இடமுண்டு. நீர்ப்பிடிப்பில் 100 ஏக்கர் பரப்பில் ஓரடி வண்டலை எடுத்தால் 43 லட்சம் கன அடி இடம் கூடும். மேற்கூறிய கணக்கில் இது 28 ஏக்கர் நெல்லுக்குச் சமானம். எடுத்த வண்டல் நிலத்திற்கு எருவாகும். எனினும் வரத்துக்கால் தூர்ந்திருக்க ஏரியை மாத்திரம் ஆழப்படுத்துவதால் பிரயோஜனமில்லை. கலிங்கை உயர்த்தி அதிக ஜலம் தேக்கலாம் என்பாரும் உளர். கலிங்கு வழிந்த ஜலம் அடுத்த ஊர் ஏரியின் வரத்தாதலால், அது வீணாய்ப் போவதன்று. அண்டை ஊரின் வரவை நம் வரவென்று எழுதிக்கொள்வது கணக்காகாது. 1960-ஆம் வருஷத்தையொட்டித் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம் பெற்ற நிலம் சுமார் 9 லட்சம் ஹெக்டேர். பிற்காலத்தில் அது பாதியளவுக்குக் குறைந்து போயிற்று. வரத்துக்கால்களின் ஆக்கிரமிப்பும் வண்டலும் அதற்கு முக்கிய காரணங்களுட் சேர்ந்தவை.

செய்ய வேண்டுவன

ஐப்பசி மாத இறுதியில் ஊரார் கூடி அளவுகல்லைப் பார்த்தல்; ஆவிக்கும் கால்நடைக்கும் கழித்து மிஞ்சிய ஜலத்தைக் கணித்தல்; அதற்கு அடங்கும் நெல் நிலத்தைத் தீர்மானித்தல்; அவ்வளவிற்கே நடவு நடத்தி, மற்ற நிலத்திற்குக் குறைந்த நீர்ப் பயிர்களின் விதையை முன்னதாகவே சேகரித்தல். பின்னர் மழை வந்தால் அது லாபம். அறுவடையான வயலில் உளுந்து தெளிக்க உதவும். வருமென்று நம்பி முன்கூட்டியே செலவெழுதுவதுதான் கூடாது. அளவுகல் நாட்டுவதற்கும் ஒரு நாள் கூட்டத்திற்கும் ஆகும் செலவு, கருகிய ஓர் ஏக்கர் நெல்லின் நடவுக் கூலியினும் அதிகமாகாது.