டெல்லியில் மாறும் விதி, கடலூரில் கழியும் கெடு

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கும் இடத்தை, அது வீட்டை ஒட்டிய சின்னக் கொட்டகையாக இருந்தாலும், ‘கம்பெனி’ என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து தென்கிழக்கே, சிதம்பரத்தை ஒட்டிய பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் போனால், 2004 சுனாமிக்குப் பிறகு தொடங்கப்பட்ட சிறு அறக்கட்டளைகள் இன்னும் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கின்றன. கம்பெனிக்காரரின் வரியும் அறக்கட்டளையின் வரவும் ஒன்றிய அரசின் சட்டங்களால் கட்டுப்பட்டவை. அவை அடிக்கடி மாறுகின்றன. மாறிய செய்தி ஊருக்கு வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை, இவர்களுக்குச் சட்டத்தின் கடுமையால் வரும் நஷ்டத்தைவிட நாள் தவறியதால் வரும் நஷ்டமே பெரிது. சட்டம் கொடுத்திருக்கும் உரிமையும் அதே காரணத்தால் வீணாகிறது.

முதலில் அந்த உரிமையைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு போய்விட்டது, பணம் மாதக்கணக்கில் வரவில்லை. சிறு உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் உள்ள வேதனை இது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணை வந்தது. இந்தக் கெடுவுக்குள் பணம் தராத வியாபாரி, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைத் தன் செலவுக் கணக்கில் காட்டி வரி குறைக்க முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தபோது பிரிவு எண் மாறியது, விதி தொடர்கிறது.

இந்தப் பாதுகாப்பு வேண்டுமானால் ‘உத்யம்’ என்ற ஒன்றிய அரசின் இணையப் பதிவு வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வரை உள்ளவை குறு நிறுவனங்கள். கொட்டை உடைக்கும் சிறு கம்பெனிகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த நிலுவைப் பாதுகாப்பு பொருந்தாது. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. எனவே தகராறு வந்த பிறகு பதியலாம் என்று இருக்காதீர்கள்.

புகாரை ஒன்றிய அரசின் இணையதளத்தில் பதியலாம். அது நிலுவைத் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்கியவர், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பில், எடைச்சீட்டு, லாரி ரசீது, பணம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வழி தெரியாவிட்டால் கடலூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தை எந்தச் சட்டமும் தீர்க்கவில்லை. ஆனால் பில்லிலேயே உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சிட்டுவிட்டால், சண்டை இல்லாமலே பல கணக்குகள் தீரும்.

ஜிஎஸ்டியில் முந்திரிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. விவசாயியிடம் உடைக்காத கொட்டை வாங்கும் பதிவு பெற்ற கம்பெனி, அதற்கான 5 சதவீத வரியைத் தானே அரசுக்குக் கட்ட வேண்டும். பிறகு அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். இதை விட்டவர்களுக்குப் பின்னால் வட்டியோடு நோட்டீஸ் வருகிறது. அந்த நோட்டீஸும் பல நேரம் தபாலில் வராது. ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏற்றிவிட்டாலே கொடுத்ததாகக் கணக்கு. மாதம் இருமுறையாவது உங்கள் கணக்காளரை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் உடன் உட்காருங்கள்.

ஆறு மாதம் தொடர்ந்து ரிட்டர்ன் போடாவிட்டால் பதிவு ரத்தாகலாம். ரத்தானால் 90 நாளுக்குள் மீட்க மனு போடலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 180 நாள் வரை அவகாசம் தர அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதுவும் தாண்டியவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2022 ஜனவரி 31-இல் சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நிலுவை வரியையும் வட்டியையும் அபராதத்தையும் கட்டினால் பதிவைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி ஏராளமான சிறு வணிகர்கள் மீண்டு வந்திருக்கிறார்கள்.

கொட்டை உடைக்கும் பெண்களையும் மறக்கக் கூடாது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான ஆள் கணக்கு 10-இலிருந்து 20 ஆனது. பதினைந்து பேர் வேலை செய்யும் கம்பெனி இப்போது தொழிற்சாலை விதிகளுக்கு வெளியே போகிறது. இது பின்னடைவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பணி நியமனக் கடிதம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

இனி அறக்கட்டளைகள். சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடற்கரைச் சிற்றமைப்புகள் பலவற்றுக்குப் பெரிய தொண்டு நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டுப் பணம் வந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த வழி அடைபட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்கிய அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் முதலில் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தம் செல்லும் என்றது. கிள்ளைக் கடற்கரையில் வேலை செய்கிற ஐந்து பேர் அமைப்புக்குத் தனிப்பதிவு பெறுவது எவ்வளவு கடினம் என்பதை இந்தத் திருத்தம் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஒரு விஷயத்தில் நம் ஊரில் தெரியாமலே தவறு நடக்கிறது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அறக்கட்டளைக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை அல்ல. அதே தெருவில் பிறந்து மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், பள்ளிக் கட்டடத்துக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்குவது குற்றம். அனுப்புபவரின் பாஸ்போர்ட் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். பதிவு உள்ளவர்கள், அது முடிய குறைந்தது நான்கு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க மனு போடுங்கள். பதிவை ரத்து செய்தால் ஓராண்டுக்குள் ஒன்றிய அரசிடமே மறுஆய்வு கேட்கலாம். உயர் நீதிமன்றமும் இருக்கிறது.

உள்ளூர் நன்கொடையும் சுருங்குகிறது. 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பான முறை. அதில் 80ஜி என்று அறியப்பட்ட நன்கொடைக் கழிவு இல்லை. 2025-26 முதல் அந்த முறையில் 12 லட்சம் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரியே கிடையாது. நெய்வேலி ஊழியரோ அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியரோ வரிக்காகக் கொடுத்துவந்த மார்ச் மாத நன்கொடைக்கு இனி அந்தக் காரணம் இல்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்குக் கழிவு உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. ரசீது மட்டும் போதாது. அறக்கட்டளை நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து சான்றிதழ் தர வேண்டும். பிந்தினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஜூனில் சான்றிதழ் கைக்கு வராத நன்கொடையாளர், அறக்கட்டளைப் பொறுப்பாளரிடம் தயங்காமல் கேட்கலாம்.