வீட்டுப் படங்கள்: தட்டா, எண்முறைப் பிரதியா?

தமிழின் முதல் பேசும் படமாகக் கருதப்படும் 'காளிதாஸ்', 1931-ஆம் ஆண்டு பம்பாயில் தயாரிக்கப்பெற்றது. இன்று அதன் பிரதி ஒன்றேனும் கிடைக்கவில்லை. பிரதிகள் அழியின் படமும் அழியும் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய மும்பையில், மாதுங்கா, தாராவி, செம்பூர் வாழ் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளிலும் இக்கேள்வி உள்ளது. அங்கே திரைப்பட டிவிடி தட்டுகளுடன் திருமணத் தட்டுகளும் இருக்கும். இரண்டும் ஒரே தன்மையன அல்ல. திரைப்படத் தட்டில் படம் நுண்ணிய பள்ளங்களாக அச்சிடப்பட்டுள்ளது. கெட்டால் பெரும்பாலும் வேறொன்று தேடிப் பெறலாம். திருமணத் தட்டிலோ, மெல்லிய சாயப் படலத்தில் லேசர் கதிர் அடையாளமிட்டுள்ளது. வெப்பம், ஒளி, ஈரம் ஆகியவற்றால் இச்சாயம் சிதையும். மும்பையின் மழைக்கால ஈரம் இதற்குப் பகையாகும்.

எண்முறைப் பிரதி எத்தனை முறை படியெடுத்தாலும் தரம் குன்றாது. சாதாரண டிவிடி தட்டின் 4.7 ஜிகாபைட் கொள்ளளவு, இன்றைய வன்தட்டில் ஒரு சிறு பகுதியே. ஆயினும் வன்தட்டு முன்னறிவிப்பின்றிப் பழுதடையக்கூடும். அப்பொழுது நூறு படங்கள் ஒருங்கே மறையும்.

ஆகவே, வேறெங்கும் கிடைக்காத பதிவையே முதலில் படியெடுத்தல் வேண்டும். இரு கருவிகளில், இரு வேறு இடங்களில் வைத்து, ஆண்டுக்கொருமுறை இயக்கிப் பார்த்தல் நலம். மூலத்தட்டையும் எறிந்துவிடலாகாது. பள்ளி விழாப் பதிவுகளுக்கும் களப்பணிப் பதிவுகளுக்கும் இவ்விதியே பொருந்தும்.