புற்றுநோயை நம் உடலே ஏன் அழிப்பதில்லை?

வைரஸ் தொற்றிய செல்களைத் தேடிக் கொல்லும் டி செல்கள் நம் உடலெங்கும் சுற்றிவருகின்றன. பிறகு புற்றுக்கட்டி மட்டும் எப்படித் தப்பி வளர்கிறது?

புற்றுச் செல் நம் சொந்தச் செல் திரிந்து உருவானது. அதனால் அதை இனங்காண்பதே கடினம். இனங்கண்டாலும் இன்னொரு தடை உண்டு. டி செல் முழுமையாகத் தூண்டப்பட, அதன் மேலுள்ள சிடி28 என்ற புரதம், எதிரியைப் பற்றி அதற்குத் தகவல் தரும் செல்லின் பி7 புரதத்துடன் இணைய வேண்டும். தூண்டப்பட்ட டி செல்லில் சிறிது காலத்தில் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் தோன்றுகிறது. அது பி7-ஐ இன்னும் இறுக்கமாகப் பற்றுவதால் சிடி28-க்கு இடமில்லை, தாக்குதல் அடங்குகிறது.

இந்த பிரேக் எதற்கு? சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள், டி செல்கள் சொந்த உறுப்புகளையே தாக்கியதால் சில வாரங்களில் இறந்தன.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வு செய்த ஜேம்ஸ் அலிசன், பிரேக்கைத் தற்காலிகமாக விடுவித்தால் என்ன என்று யோசித்தார். சிடிஎல்ஏ-4-ஐ மறைக்கும் ஆன்டிபாடியைச் செலுத்தியதும் எலிகளின் கட்டிகள் கரைந்தன. முடிவு 1996-இல் வெளியானது. அந்த வழியில் உருவான இபிலிமுமாப் மருந்துக்கு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக 2011-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு 1992-இல் கண்டறிந்த பிடி-1 இன்னொரு பிரேக். இருவரும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

பிரேக் விடுபட்டால் குடல், தோல், தைராய்டு ஆகியவையும் தாக்கப்படலாம். டி செல்கள் நுழையாத கட்டிகளில் பலனும் குறைவு.