பரிசுப்பெட்டியில் இலாபம் எங்கே இருக்கிறது?

பலகாரத்தைக் கடதாசியிற் சுற்றிக் கொடுத்தனுப்புவது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் முற்காலத்தில் மரியாதையாகக் கருதப்பட்டதில்லை. கலியாண வீட்டுக்குச் செல்லும் அரியதரமும் பயற்றம் பணியாரமும் ஓலைப்பெட்டியில் அடுக்கப்பட்டு, மேலே வெள்ளைத் துணியால் மூடப்பட்டே சென்றன. பெட்டி திரும்பி வரும்போது அதுவும் வெறுமையாக வருவதில்லை. அந்த வழக்கந்தான் இன்று பரிசுப்பெட்டி என்னும் பெயரில் ஒரு சிறு வியாபாரமாக வளர்ந்திருக்கிறது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் ஆகிய பண்டிகைகளுக்கும், பிள்ளை பிறந்த வீட்டுக்கும், ஊருக்கு வந்து திரும்பும் உறவினருக்கும் கொடுப்பதற்கு மக்கள் இவற்றை விரும்பி வாங்குகின்றனர்.

வீட்டிலிருந்தபடியே இத்தொழிலைத் தொடங்க எண்ணும் சகோதரிகளில் அநேகர், உள்ளே என்ன வைப்பது என்பதைப் பற்றியே நெடுநேரம் யோசிக்கின்றனர். பெட்டியைச் சந்தையிற் கண்ட இடத்தில் வாங்கிக்கொள்கின்றனர். உண்மையில், இலாபமும் நட்டமும் பெரும்பாலும் பெட்டியைத் தெரியும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பரிசுப்பெட்டி 2,500 ரூபாவுக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகாரம், பனங்கட்டி முதலிய பண்டங்களுக்கு 1,250 ரூபா, ஓலைப்பெட்டிக்கு 450, தாளுக்கும் நாடாவுக்கும் 100, கட்டுகிறவரின் கூலி 250. மிஞ்சுவது 450 ரூபா. இந்த மிச்சத்தைக் கூட்ட விரும்புகிறவர் என்ன செய்கிறார்? பெட்டி இழைக்கும் பெண்ணிடம் பேரம் பேசி 50 ரூபாவைக் குறைக்கிறார். அதே வேளையில், பார்வைக்கு எடுப்பாயிருக்கிறது என்று ஆழமான பெட்டியைத் தெரிந்து, அதை நிரப்புவதற்கு மேலும் 300 ரூபாவின் பண்டத்தை உள்ளே போடுகிறார். ஏழைப் பெண்ணிடம் பிடித்த ஐம்பதைப் போல ஆறு மடங்கு, பெட்டியின் அடியிலே யார் கண்ணிலும் படாமற் போய்விடுகிறது.

ஆழந்தான் இலாபத்தை விழுங்குவது. 8 அங்குல விட்டமும் 7 அங்குல ஆழமும் உள்ள வட்டப்பெட்டி ஏறக்குறைய 350 கன அங்குலப் பண்டத்தைக் கொள்ளும். 12 அங்குல விட்டமும் 3 அங்குல ஆழமும் உள்ள தட்டையான பெட்டி கொள்வது 340 கன அங்குலம். ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் மேலிருந்து பார்ப்பவருக்கு முதற்பெட்டி 50 சதுர அங்குலத்தைத்தான் காட்டும். இரண்டாவது 113 சதுர அங்குலத்தைக் காட்டும். மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுத் தாய்மாருக்குச் சொல்லலாம். ஒரே பண்டம், இரு மடங்குக்கு மேற்பட்ட தோற்றம்! கலியாண வீட்டில் பலகாரத்தைத் தட்டத்திற் பரப்பிவைத்த நம் பாட்டிமார் இதைக் கணக்கின்றியே அறிந்திருந்தனர்.

ஆழமான பெட்டியின் அடியில் வைக்கோலையோ தாளையோ அடைத்துவிட்டு மேலே மட்டும் பண்டத்தை அடுக்குவோரும் உண்டு. பண்டம் ஆடாமலிருக்க அரை அங்குலம் அடைப்பது தொழிலின் தேவை. பாதிப் பெட்டியை அடைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அதிலும், பெட்டியைத் திறப்பவர் அதை வாங்கியவரல்லர், பரிசாகப் பெற்றவர் என்பதை மறக்கலாகாது. வெட்கப்பட நேர்வது கொடுத்தவருக்கே. அவர் மீண்டும் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்.

எந்தப் பண்டத்துக்கு எந்தப் பெட்டி என்பது அடுத்த விடயம். பாரமான போத்தல்களையும் பழங்களையும் வெறும் ஓலைப்பெட்டியில் வைத்தால் அடி தொய்ந்துவிடும். அவற்றுக்குக் கடகமே ஏற்றது; ஓலையின் வெளிப்புறத்தில் பனை நார் பொத்தப்படுவதால் அது பாரந் தாங்கும். கொழும்பு–கண்டி வீதியில் வேவெல்தெனியாவில் விற்கப்படும் பிரம்புக் கூடைகளும் உறுதியானவையே. விலை கூடுதலாகையால் பெரிய ஓடர்களுக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். முறுக்கு, சீப்புப் பணியாரம் போன்ற நொறுங்கும் பலகாரத்துக்கு மூடற்பெட்டி. முந்திரிப் பருப்புப் போன்ற சிறு பண்டத்துக்கு வெற்றிலை, காசு வைக்கும் கொட்டப்பெட்டி மிக அழகாயிருக்கும். பனங்கட்டிக்கோ தனிப்பெட்டி வேண்டியதில்லை. அது குட்டானில் வார்க்கப்பட்டே வருகிறது. அந்தக் குட்டானைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தாளிற் சுற்றுவது அழகைக் கெடுக்கும் வேலை.

அடியிலும் பார்க்க வாய் அகன்ற பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். சிறிய வீட்டில் நூறு பெட்டிகளை வைத்திருப்பவருக்கும், கொழும்புக்கு லொறியில் அனுப்புபவருக்கும் இதன் அருமை தெரியும்.

ஓலையின் குணத்தை அறியாமல் இத்தொழிலில் இறங்குவது ஆபத்து. வடக்கில் மழை கொட்டுவது ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில். நத்தாரும் பொங்கலும் அதை ஒட்டியே வருகின்றன. ஈரக் காற்றில் ஓலை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். அப்பெட்டியைக் கண்ணாடித் தாளால் இறுக மூடினாலோ, ஈரம் உள்ளேயே நின்று முறுக்கும் பதம் மாறிவிடும். எனவே பெட்டியை நன்றாக வெயிலிற் காயவைத்த பின்னரே பண்டம் வைக்க வேண்டும். பலகாரத்தைத் தனியே காற்றுப் புகாத பையிலிட்டு, எண்ணெய் ஊறாத தாளைப் பெட்டியின் அடியில் விரிப்பதும் அவசியம். காயாத ஓலையில் இழைத்த பெட்டி பின்னர் சுருங்கி இழை விலகும். வாங்கும்போது விரலால் அழுத்திப் பார்த்தால் இழையின் நெருக்கம் தெரிந்துவிடும்.

வேலைப்பாட்டைப் பொறுத்தவரை, நிறங் கூடினால் அழகு கூடும் என்பது பலருடைய எண்ணம். எனக்கு அது உடன்பாடன்று. குருத்தோலையின் வெண்மைக்கு ஈடான நிறம் வேறில்லை. உடல் முழுவதும் வெள்ளையாய், விளிம்பில் மட்டும் சிவப்போ பச்சையோ ஓடும் பெட்டி எப்பண்டிகைக்கும் பொருந்தும். இழைப்பவருக்கும் நேரம் மிச்சம். சாயமிட்ட ஓலை நனைந்தால் நிறங் கசியக்கூடும். ஆதலால் கழுவிய பழங்களை அத்தகைய பெட்டியில் வைக்கலாகாது. பண்டிகையின் பெயரையும் ஆண்டையும் பெட்டியிலே பொறிப்பதும் வேண்டாம். அவற்றைச் சிறு அட்டையில் எழுதிக் கட்டினால், நத்தாருக்கு மிஞ்சிய பெட்டி பொங்கலுக்கு உதவும். மேலும், வாங்கிய வீட்டார் அதை வெங்காயம் போடவோ தையற் சாமான் வைக்கவோ பல மாதம் பயன்படுத்துவர். பார்க்கும் அயலவர் எங்கே வாங்கியது என்று கேட்பர். அதற்கு மேலான விளம்பரம் எது?

இனி, இழைப்பவரின் கூலி. 2009ஆம் ஆண்டில் முடிந்த யுத்தத்தின் பின் வடக்கில் பல குடும்பங்களின் பாரம் பெண்களின் தலையிலேயே விழுந்தது. பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சில தொழில்களில் ஓலைவேலை ஒன்று. 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இதற்குப் பயிற்சியும் அளித்து வருகிறது. ஆயினும் ஓலையைக் காயவைத்து, வார்ந்து, சாயமிட்டு, இழைத்து, விளிம்பு கட்டி முடிக்கும் பெண்ணுக்கு அந்நேரத்துக்குரிய கூலி கிடையாவிட்டால், அவள் தன் மகளுக்கு இதைப் பழக்கமாட்டாள். பிறகு எவ்வளவு காசு கொடுத்தாலும் நல்ல பெட்டி கிடையாது. மேலே காட்டிய கணக்கில் ஆழத்தைக் குறைத்து மீதப்படுத்திய 300 ரூபாவில் 50 ரூபாவை அவளுக்குக் கூட்டிக் கொடுத்தாலும் உங்களுக்கு 250 ரூபா இலாபமே.

அவளிடம் பெட்டியைச் சொல்லும்போது வாயால் மட்டும் சொல்லாமல், மட்டையில் வெட்டிய அடியளவையும் உயரத்துக்கு ஒரு குச்சியையும் கொடுத்துவிட வேண்டும். பெட்டிகள் ஒரே அளவாய் அமைந்தாற்றான் பண்டத்தின் கணக்கும் ஒரே அளவாய் நிற்கும். இரண்டு அல்லது மூன்று அளவுகள் போதும். சோளகம் வீசி ஓலை நன்றாகக் காயும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே நத்தாருக்கும் பொங்கலுக்கும் வேண்டிய பெட்டிகளைச் சொல்லி, பாதிப் பணத்தை முற்பணமாகக் கொடுத்துவிட்டால், மழை தொடங்குமுன் அவை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிவிடும்.