பந்தயம் ஓட்டுநருக்கா, பணப்பைக்கா?

கார்ப் பந்தயம் என்றதும் கோடீசுவரர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மை. மறுபாதியை அமெரிக்க நாட்டிலே காணலாம். அங்கே பட்டறைத் தொழிலாளியும், லாரி ஓட்டுபவரும், பள்ளி ஆசிரியரும், வாரம் முழுதும் வேலைக்கு ஓட்டிச் செல்லும் அதே காரை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் ஓட்டி வருகிறார்கள். பரிசென்று கிடைப்பது பெரும்பாலும் ஒரு கோப்பைதான். இவர்களுக்கென்று ஏற்பட்டதே ‘ஸ்டாக்’ பிரிவு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள கார் என்பது அதன் பொருள்.

வந்தபடியே என்றால், எதையுமே தொடக் கூடாதா? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? இந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன பதில் சொல்கிறதோ, அதிலேதான் எளியவன் களத்தில் நிற்பதும் வெளியேறுவதும் இருக்கிறது.

நம் தென்மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிறது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று பிரித்துத்தானே ஓட்டுகிறோம்? சமமானவர்களுக்குள்ளேதான் போட்டி என்று பெயர்; சமமில்லாதவர்களுக்குள் நடப்பது வேடிக்கை. காருக்கும் அதே நீதிதான்.

முதல் நாளே மூண்ட வழக்கு

1949 ஜூன் 19. வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரத்து மண் பாதையிலே, நாஸ்கார் அமைப்பு தன் முதல் ‘முழு ஸ்டாக்’ பந்தயத்தை நடத்தியது. முதலில் வந்தவர் க்ளென் டனவே; ஓட்டியது 1947-ஆம் ஆண்டு ஃபோர்டு. பந்தயம் முடிந்ததும் காரைச் சோதித்தார்கள். பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தன. கள்ளச் சாராயம் கடத்துவோர் சுமையோடு விரைந்தோடச் செய்து கொள்ளும் வேலை அது! வெற்றி பறிக்கப்பட்டது. கான்சாசிலிருந்து வந்த ஜிம் ரோப்பர் வெற்றியாளர் ஆனார். காரின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார், வழக்கு தள்ளுபடியாயிற்று. விதி வகுத்தவனுக்கு அதைக் காக்கும் உரிமையும் உண்டு என்பது அன்றே நிலைபெற்றது.

ஆனால், தோழர்களே! விதியை மீறுபவனைப் பிடிப்பது எளிய வேலை. விதிக்குள்ளேயே நின்று பணத்தால் அடிப்பவனை என்ன செய்வது?

அனுமதி கட்டாயமாகும் கதை

அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் 1944-இல் தோன்றியது. அது நடத்தும் ‘ஆட்டோகிராஸ்’ போட்டிக்குத் தனிப் பந்தயத் திடல் தேவையில்லை. விமான ஓடுதளம், வாகனம் நிறுத்தும் பரந்த மைதானம், வழி காட்ட ரப்பர்க் கூம்புகள், நேரம் குறிக்கக் கடிகாரம் - இவை போதும். எளியவனுக்கு ஏற்ற போட்டி. அதன் ‘ஸ்டாக்’ பிரிவிலே சில மாற்றங்களை மட்டும் அனுமதித்தார்கள். ஷாக் அப்சார்பர் மாற்றலாம். முன்புறச் சாய்வுத் தடுப்புக் கம்பியை மாற்றலாம். சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற டயர் எதுவானாலும் போடலாம். கேட்பதற்கு எவ்வளவு அடக்கமான விதி!

நடந்தது என்ன? பெயருக்குச் சாலை டயர், குணத்திலே பந்தய டயர் என்று ஒரு சரக்கைக் கம்பெனிகள் விற்றன. பசை போல் தரையைப் பிடிக்கும். சில போட்டிகளிலேயே உயிரை விடும். ஷாக் அப்சார்பரோ, தனியே செய்து வாங்கினால் ஆயிரக்கணக்கான டாலர். ஒருவர் வாங்கினார், வென்றார். மறு ஆண்டு பத்துப் பேர் வாங்கினர். அதற்கடுத்த ஆண்டு, வாங்காதவன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்! ‘விரும்பினால் போடலாம்’ என்ற விதி, ‘போடாவிட்டால் தோற்பாய்’ என்ற விதியாக மாறிற்று. சட்டப் புத்தகத்திலே அனுமதி, களத்திலே கட்டாயம்!

2014-இல் அந்தப் பிரிவின் பெயரையே ‘ஸ்ட்ரீட்’ என்று மாற்றி, பந்தய ரப்பர் டயர்களை விலக்கினார்கள். நெடுநாள் உழைக்கும் டயர்தான் இனிச் செல்லும் என்றார்கள். ‘தரம் குறைந்துவிட்டதே’ என்று சிலர் முணுமுணுத்தனர். எல்லோரும் ஒரே வகை டயரில் ஓடினால் யாருக்கு என்ன நட்டம்? கடிகாரத்திலே சில விநாடி கூடும். பணப்பையிலே சில நூறு டாலர் மிஞ்சும்.

தடையும் தீமை செய்யும்

அப்படியானால் எல்லாவற்றையும் தடுத்து விடலாமே என்பீர்கள். அவசரம் வேண்டாம். பழைய காரின் ஷாக் அப்சார்பர் தேய்ந்தால், கம்பெனியின் அசல் பொருளே வேண்டும் என்று விதி சொன்னால், அது கடையில் கிடைக்கும் மாற்றுப் பொருளைவிட விலை கூடுதலாக இருப்பதுண்டு; சில கார்களுக்குக் கிடைப்பதே இல்லை. அங்கேயும் அடிபடுபவன் எளியவனே.

சோதிக்க முடியாத தடை இன்னும் கொடியது. மாஸ்டா மியாட்டா கார்களுக்கு மட்டுமான ‘ஸ்பெக் மியாட்டா’ பிரிவு, செலவைக் குறைக்கவே ஏற்பட்டது. ஒரே கார், ஒரே டயர், ஒரே ஸ்பிரிங். 2014-இல் லகுனா செக்கா திடலில் நடந்த தேசிய இறுதிப் போட்டியிலே எஞ்சின்களைக் கழற்றிப் பார்த்தார்கள். சிலிண்டர் ஹெட்டினுள்ளே, காற்று செல்லும் வழியிலே, கண்ணுக்கெட்டாத இடத்திலே விதிக்கு மாறாகச் செதுக்கியிருந்தார்கள்! முன்னணியில் வந்தவர்கள் சிலர் தகுதி இழந்தனர். பிறகு விதியையே திருத்த வேண்டியதாயிற்று. கழற்றிப் பார்த்தாலொழியத் தெரியாத தடையினால் நேர்மையாளன் கைகள்தான் கட்டுண்டு கிடந்தன; ஏய்ப்பவன் கைகள் அல்ல.

செலவைச் செல்லாக்காசாக்கு

இதற்கு மருந்து இல்லையா? உண்டு. அந்நாட்டு மண் பாதைப் பந்தயங்கள் சிலவற்றிலே ஒரு வழக்கம். வென்றவனின் எஞ்சினை, உடன் ஓடிய போட்டியாளன், முன்கூட்டியே குறித்த சொற்ப விலைக்குக் கேட்கலாம். கொடுக்க மறுத்தால் வெற்றியின் பலன் போய்விடும். சில நூறு டாலருக்குப் பறிபோகக் கூடிய எஞ்சினிலே, எந்த அறிவாளி பல்லாயிரம் டாலரைக் கொட்டுவான்? காவலனும் வேண்டாம், சோதனைக் கருவியும் வேண்டாம்!

2006-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘லெமன்ஸ்’ பந்தயம் இன்னொரு வழி காட்டிற்று. காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று கழிக்கப்படும். ஆனால் பாதுகாப்புக் கூண்டு, இருக்கைப் பட்டை, பிரேக், டயர் ஆகியவற்றின் செலவு இந்தக் கணக்கிலே சேராது. வேகத்துக்குக் கணக்குப் பார். உயிருக்குக் கணக்குப் பார்க்காதே! நல்ல விதி என்றால் இது விதி.

‘மெக்கானிக்கின் திறமையைச் சட்டம் போட்டு அடக்கலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. யார் அடக்குகிறார்கள்? வேண்டிய மட்டும் மாற்றிக் கொள்ளத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போகட்டும், வாழ்த்துவோம். எளியவனுக்கென்று ஒதுக்கிய ஒரே பாயிலும் வந்து கால் நீட்ட வேண்டுமா?

ஆகவே, விதி எழுதுவோர் ஒவ்வொரு மாற்றத்தையும் பற்றி மூன்றே கேள்விகள் கேட்கட்டும். இதைக் கடைசியில் வருபவனும் வாங்க முடியுமா? அன்று மாலையே கொட்டகையில் வைத்துச் சோதிக்க முடியுமா? ஓட்டுபவனின் உயிரைக் காக்குமா? உயிர் காப்பது எதுவானாலும் அனுமதி தரட்டும். மற்றவற்றுக்கு முதல் இரண்டு கேள்விகளிலும் ‘ஆம்’ என்ற பதில் வரட்டும்.

கொடி அசைந்த பிறகு முந்துபவனுக்கே மாலை விழ வேண்டும். கொடி அசையுமுன்பே, கடை வாசலிலே முந்தியவனுக்கு மாலை எதற்கு? ரசீதைக் காட்டினால் போதாதா?