ஹைட்ரஜனைப் பிரிக்கும் உலோகப் படலம்

இயற்கை வாயுவையும் நீராவியையும் உயர்ந்த உஷ்ணத்தில் வினைபுரியச் செய்தால் ஹைட்ரஜன் கிடைக்கிறது. ஆனால் அது தனித்து வருவதில்லை. கார்பன் மானாக்ஸைடு முதலிய வாயுக்களுடன் கலந்தே வருகிறது. இக்கலவையிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் பிரித்தெடுக்கும் முறைகளுள் ஒன்று, பல்லேடியம் என்னும் உலோகத்தின் துணையை நாடுவதாகும்.

பல்லேடியம் தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உட்கொள்ள வல்லது என்பதை 1866-ஆம் ஆண்டில் தாமஸ் கிரஹாம் கண்டறிந்தார். உலோகத்தை அடையும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அவ்வணுக்கள் உலோகத்தினூடே ஊடுருவி, மறுபுறத்தில் மீண்டும் மூலக்கூறாக இணைகின்றன. ஏனைய வாயுக்களுக்கு இவ்வழி திறப்பதில்லை.

தனிப் பல்லேடியத்துக்கு ஒரு குறை உண்டு. சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே அது ஹைட்ரஜனை உண்டு விரிவதும், விடுத்துச் சுருங்குவதுமாக இருந்து, விரைவில் வெடிப்புற்றுவிடுகிறது. நூற்றுக்கு 23 பங்கு வெள்ளி சேர்த்த கலப்புலோகத்தில் இக்குறை பெரிதும் நீங்குகிறது. ஹைட்ரஜன் கடக்கும் வேகமும் கூடுகிறது.

இனி, கனத்தைப் பற்றிய பிரச்சினை. கனம் பாதியானால், கடக்கும் ஹைட்ரஜன் பொதுவாக இருமடங்காகும். செலவும் குறையும். 100 மைக்ரான் கனமுள்ள தகட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1,200 கிராம் பல்லேடியம் வேண்டும். 5 மைக்ரானுக்கு 60 கிராம் போதும். (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்.) பல்லேடியமோ விலையுயர்ந்த உலோகம். ஆயினும் இத்துணை மெல்லிய தகடு தானே நிற்க இயலாது. ஆதலின் நுண்துளைகளையுடைய பீங்கான் அல்லது எஃகுக் குழாயின் மீது அதனைப் படியச் செய்கின்றனர்.

மின்சாரமின்றி முலாம் பூசும் முறை இதற்கு ஏற்றது. சுத்தம் செய்த குழாயை வெள்ளீயக் குளோரைடுக் கரைசலிலும் பல்லேடியம் குளோரைடுக் கரைசலிலும் மாறி மாறித் தோய்த்தால், பல்லேடிய வித்துக்கள் அதன்மேல் ஊன்றுகின்றன. பின்னர் பல்லேடிய உப்பும் அம்மோனியாவும் ஹைட்ரஸீனும் கலந்த, ஏறத்தாழ 60 டிகிரி உஷ்ணமுள்ள கரைசலில் வைத்தால் வித்துக்கள் வளர்ந்து, ஒன்றையொன்று தொட்டுப் படலமாகின்றன. எஃகுக் குழாயானால், உயர்ந்த உஷ்ணத்தில் இரும்பு படலத்துள் புகாதவாறு இடையே ஆக்ஸைடுத் தடுப்பு ஒன்றும் அமைத்தல் வேண்டும்.

இவ்வேலையின் வெற்றி தோல்வி, கரைசலைக் காட்டிலும் குழாயின் மேற்பரப்பையே பெரிதும் சார்ந்தது எனலாம். அளவில் பெரிய துளை ஒன்றிருந்தாலும் போதும். அதை மூடுவதற்காகப் படலம் முழுவதையுமே கனமாக்க நேரிடும். மூடாமல் விட்டாலோ, எல்லா வாயுக்களும் அவ்வழியே நுழையும். ஆகவே, முதலில் ஹீலியத்தை அழுத்தத்துடன் செலுத்திப் பார்க்கின்றனர். மறுபுறத்தில் அது சிறிதளவு தென்பட்டாலும் குழாய் மீண்டும் முலாம் கரைசலுக்கே திரும்புகிறது.